கீழ் வீட்டுக்காரர் நித்திரை கொள்ள ஒரு குத்துப்பை

வுப்பர்டாலில் எங்களுக்குக் கிடைத்த முதல் வீடு மூன்றாம் மாடியில் ஓர் அறை. வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டதும் என் கணவர் தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்த்தார், யன்னலைத் திறந்து பார்த்தார், சூடாக்கியைத் தொட்டுப் பார்த்தார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறையின் நடுவில் போய் நின்றேன். பத்தடிக்குப் பத்தடி வெறும் மரத்தரை. கால்களை அகட்டி, முழங்காலை மடித்து, ஒருதரம் பதிந்து நின்று பார்த்தேன். வழுக்கவில்லை.

"என்னப்பா செய்யிறீர்?" என்றார் கணவர்.

"இடம் காணும்," என்றேன்.

அது எண்பத்தாறாம் ஆண்டின் வசந்தகாலம். அதுவரை ஒரு வருடத்துக்கு மேல் அகதிகள் விடுதியில் இருந்தோம். ஹைம் என்றுதான் எல்லோரும் அதைச் சொல்வோம். அங்கே எங்கள் அறையில் ஒருவர் நடப்பதென்றால் மற்றவர் கட்டிலில் ஏறி இருக்கவேண்டும். கையை நீட்டினால் சுவர்.

கையை நீட்டுவது எனக்கு முக்கியமாக இருந்தது. கொழும்பில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்த காலத்தில் நான் கராத்தே பழகினேன். வேலை முடிந்தபின், கிழமையில் இரண்டு நாள், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். பெண்கள் ஐந்து பேர். இரண்டு வருடத்தில் ஒரு வகுப்பைக்கூட நான் தவறவிட்டதில்லை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு மண்டபமும் இல்லை, கந்தோரும் இல்லை. யாழ்ப்பாணம் வந்தேன், கலியாணம் நடந்தது, கிழக்கு பேர்லினில் வந்து இறங்கி மேற்கு பேர்லினுக்குள் நடந்தோம், அங்கிருந்து எங்களை இந்த ஊருக்கு அனுப்பினார்கள். இவ்வளவு காலமும் உடம்பு எங்கேயோ மடக்கி வைத்த மாதிரியே இருந்தது.

புது வீட்டில் மாலை நேரம் எங்களுக்குச் சொந்தமில்லை. ஹைமில் இருந்து நாலைந்து பெடியள் தினமும் வந்து சமைத்துச் சாப்பிடுவார்கள். அங்கே எழுபது பேருக்கு ஒரு குசினி என்றால் வேறு என்னதான் செய்வது. ஆகவே எனக்குக் கிடைத்தது பகல்தான். கணவர் டொச் மொழி வகுப்புக்குப் போனதும் மேசையைத் தள்ளிவிட்டுப் பழகத் தொடங்கினேன். குத்து, தடை, உதை, திரும்பி மறுபடியும் குத்து. மூன்று நாள் நடந்தது. நாலாம் நாள் மத்தியானம் தரைக்குக் கீழேயிருந்து யாரோ தட்டினார்கள். பிறகு கதவில் தட்டினார்கள்.

திறந்தால் கீழ் வீட்டுக்காரர். ஐம்பது வயதிருக்கும். படுக்கை உடுப்புக்கு மேலே குளிர்க்கோட்டுப் போட்டிருந்தார். தலைமயிர் ஒரு பக்கமாக எழும்பி நின்றது. அவர் சொன்னதில் நித்திரை என்ற சொல்லும் இரவு என்ற சொல்லும்தான் எனக்கு விளங்கின. நான் என்ன செய்தேன் என்று சொல்ல எனக்கு டொச்சில் சொல் இல்லை. ஆகவே செய்து காட்டினேன். அவருடைய நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் என் கைமுட்டி நின்றது. மனுசன் பின்னால் போய்ப் படிக்கட்டுக் கைபிடியைப் பிடித்துக்கொண்டார்.

"கராத்தே?"

"யா," என்றேன்.

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. "நீங்களா?" என்று கேட்டார். அது எனக்கு நன்றாக விளங்கியது.

பிறகு கையாலும் வாயாலும் தன் கதையைச் சொன்னார். தொழிற்சாலை. பெரிய அழுத்து யந்திரம். இரவு முழுக்க வேலை. காலை எட்டிலிருந்து பின்னேரம் நாலுவரை நித்திரை. நான் கடிகாரத்தைக் காட்டி, நாலு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "லைஸ கராத்தே," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

லைஸ என்ற சொல்லை அகராதியில் தேடினேன். சத்தமில்லாமல் என்று போட்டிருந்தது. வேண்டாம் என்று அந்த மனுசன் சொல்லவில்லை. சத்தமில்லாமல் செய் என்றுதான் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த சந்தோசத்தில் அன்று கறிக்கு உப்பே போடவில்லை.

சனிக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு தொங்குரயிலில் பட்டணத்துக்குப் போனேன். இந்த ஊர் ரயில் ஆற்றுக்கு மேலே, தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஆடி ஆடிப் போகும். மற்ற நாட்களில் எனக்கு அதில் வயிற்றைக் குமட்டும். அன்று ஒன்றும் தெரியவில்லை. விளையாட்டுச் சாமான் கடையின் பின்பக்கத்தில் எல்லாம் இருந்தன. வெள்ளைக் கராத்தே உடுப்புகள், கைக்குப் போடும் மெத்தை உறைகள், நீல விரிப்புகள், மூலையில் சங்கிலியில் தொங்கிக்கொண்டு ஒரு தோல் குத்துப்பை.

விற்பனையாளர் என் கணவரின் தோளைப் பார்த்து ஓர் உடுப்பை எடுத்து வந்தார். கணவர் என்னைக் காட்டினார். விற்பனையாளர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெண்களின் அளவைக் கொண்டுவந்தார். அதன் கை என் விரலை மூடி ஒரு முழம் தொங்கியது. கடைசியில் பிள்ளைகளின் தட்டில் எனக்கான உடுப்பு இருந்தது. பன்னிரண்டு வயதுக்கென்று துண்டு தைத்திருந்தார்கள். போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றேன். புதுத் துணி, கையை வீசினால் சடார் என்றது. அதை நான் கழற்றவே இல்லை.

"அந்தப் பையில ஒருக்கா அடிச்சுப் பார்க்கலாமோ எண்டு கேளுங்கோ," என்றேன்.

கணவர் கேட்டார். விற்பனையாளர் சிரித்துக்கொண்டு பைக்குப் பின்னால் போய் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் மூச்சை இழுத்துக் குத்தினேன். மூன்று வருடத்துக்குப் பிறகு பையில் விழுந்த முதல் குத்து. நீச்சல் தொப்பி பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுசி திரும்பிப் பார்த்தார். விற்பனையாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். "இன்னொருக்கா," என்றார். இன்னொருக்கா குத்தினேன். பிறகு உதைத்தேன். பிறகு எத்தனை என்று எனக்குத் தெரியாது.

நிறுத்தியபோது கணவரின் முகத்தைப் பார்த்தேன். கலியாணம் கட்டி இரண்டு வருடம். நான் கராத்தே பழகியவள் என்று அவருக்குத் தெரியும். தையல் பழகியவள், தட்டெழுத்துப் பழகியவள் என்று தெரிந்த மாதிரி. நான் அடித்து அவர் ஒருநாளும் கண்டதில்லை.

"உள்ளுக்கு என்ன போட்டிருக்கு?" என்று விற்பனையாளரிடம் கேட்கச் சொன்னேன். மண் என்று நினைத்தேன். இல்லையாம். மண் போட்டால் நாளாக நாளாக அடியில் இறுகிக் கல்லாகிவிடும், கை முறியும் என்றார். பழந்துணிதான், கத்தரித்து, இறுக்கி அடைத்தது. அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கணவர் சாண் போட்டுப் பையின் உயரத்தை அளந்தார். ஊரில் அவர் படவரைஞர். எதைக் கண்டாலும் அளப்பார்.

உடுப்பை மட்டும் வாங்கினோம். பையின் விலை எங்களுக்குக் கட்டாது. திரும்பும்போது தொங்குரயிலில் கணவர் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் அளவுகளைக் குறித்துக்கொண்டு வந்தார். இறங்குகிற இடம் வரும்போது, "பையை நாங்களே செய்வம்," என்றார்.

அந்த ஊரில் வீட்டுக்காரர்கள் வேண்டாத பெரிய சாமான்களைத் தெருவோரத்தில் வைக்க நாள் குறித்திருப்பார்கள். ஸ்பெர்முல் என்று பெயர். மறுநாள் காலை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதற்கு முன் யாரும் எதையும் எடுக்கலாம். எங்களுடைய மேசையும் கதிரைகளும் அப்படி வந்தவைதான். இந்தமுறை நான் பட்டியலோடு போனேன்.

விடிந்து கொஞ்ச நேரம். மலைப்பக்கத் தெரு. வீடு வீடாகக் குவியல்கள். முதலில் விரிப்புக்கு மெத்தை தேடினேன். சுருள்கம்பி மெத்தையில் ஏறி நின்றால் உடம்பு தள்ளாடியது. அது வேண்டாம். பஞ்சுமெத்தையில் கால் புதைந்து, திரும்ப முடியவில்லை. அதுவும் வேண்டாம். நாலாவது வீட்டின் முன்னால் மூன்று துண்டாக வரும் பழைய மெத்தை ஒன்று கிடந்தது. குதிரைமயிர் அடைத்தது, பலகை மாதிரி இறுக்கம். முழங்காலில் இருந்து குத்தினேன், விழுந்து பார்த்தேன், எழும்பி மறுபடி விழுந்து பார்த்தேன். மேலே யன்னலில் ஒரு கிழவி கோப்பிக் கோப்பையோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய மெத்தையாகத்தான் இருக்கவேண்டும். நான் நிமிர்ந்ததும் எடு எடு என்று கையைக் காட்டினார்.

பையைத் தொங்கவிட ஒரு சட்டம் வேண்டும். கூரையில் துளைபோட வீட்டுக்காரர் விடமாட்டார். கணவர் ஒரு மரக்கட்டிலின் தலைப்பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அடுத்த குவியலைக் கண்டேன். பிள்ளைகள் ஆடும் ஊஞ்சலின் இரும்புச் சட்டம். நாலு கால், மேலே ஒரு குறுக்குக் குழாய். ஊஞ்சல் மட்டும் இல்லை.

"இஞ்சருங்கோ, கெதியா வாங்கோ," என்று கூப்பிட்டேன்.

அவர் வந்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். குறுக்குக் குழாயில் தொங்கினார். பிறகு என்னைத் தொங்கச் சொன்னார். பிறகு இருவரும் ஒன்றாகத் தொங்கினோம். அசையவில்லை. அவர் குழாய்களைக் கழற்றித் தோளில் வைத்தார். நான் மெத்தைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டித் தலையில் வைத்தேன். இந்த ஊரில் ஒரு தெருவில் இருந்து மற்றத் தெருவுக்குப் போக நூறு படி ஏறவேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்குக் கழுத்து நொந்தது, ஆனால் நடை நிற்கவில்லை.

துணிக்கு நான் போனது தேவாலயத்துப் பழைய உடுப்பு அறைக்கு. அங்கே எங்கள் ஊர் அக்கா ஒருவர் உதவிக்கு நின்றார். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர். நாற்பது வயது. கணவர் இன்னும் கொழும்பில். அவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஹைமில். வந்து குவியும் உடுப்புகளில் போடக்கூடியதையும் கிழிந்ததையும் பிரித்துவைப்பது அவர் வேலை. கிழிந்ததெல்லாம் எனக்குத் தரமுடியுமா என்று கேட்டேன்.

"என்னத்துக்கு, தங்கச்சி?"

சொன்னேன். அக்கா கையில் இருந்த கம்பளிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆருக்கு இது? அவருக்கோ?"

"எனக்கு, அக்கா."

"எத்தினை சாக்கு வேணும்?"

"நாலு காணும்."

"தாறன். ஆனா எனக்கும் பழக்க வேணும்." குனிந்து அடுத்த சட்டையை எடுத்தார். "ஹைமுக்குப் போற பாதை தெரியும்தானே. பஸ்ஸால இறங்கிப் பத்து நிமிசம் காட்டுக்குள்ளால. மாரியில நாலரைக்கே இருண்டு போகும். போன மாரி ரெண்டு பேர் பின்னால வந்து கத்திக்கொண்டு போத்தல் எறிஞ்சவங்கள். பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு ஓடினனான். எனக்கு இனி ஓட ஏலாது."

இதைச் சொல்லும்போதும் அவர் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த அறையிலேயே குத்துப்பைக்கான உறையும் கிடைத்தது. கப்பற்காரர் உடுப்புக் கொண்டுபோகும் தடித்த கன்வஸ் சாக்கு. வாயில் வளையங்கள் வைத்து அடித்திருந்தது. அக்கா அதை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, "இது கிழியாது," என்றார். மூன்று நாள் நாங்கள் இருவரும் இருந்து துணி கத்தரித்தோம். பொத்தான், கொழுக்கி எல்லாவற்றையும் வெட்டி எறிந்தோம். கொஞ்சம் போடுவது, கூட்டுகிற தும்புத்தடியின் பிடியால் இடித்து இறுக்குவது, மறுபடி போடுவது. முடிந்தபோது அதைத் தூக்க மூன்று பேர் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. நான் போய் அவரைக் கேட்டேன். கேட்பதற்கான வசனத்தைக் கணவர் கடதாசியில் எழுதித் தந்திருந்தார். அவர் வாசித்துவிட்டு உரத்துச் சிரித்தார். ஏற்பாடு இதுதான். அவர் தன் கட்டிலில் போய்ப் படுக்கவேண்டும். கையில் தும்புத்தடி. சத்தம் கேட்டால் கூரையில் ஒருதரம் தட்டவேண்டும். கட்டில் அதிர்ந்தால் இரண்டுதரம். ஒன்றும் இல்லையென்றால் தட்டவேண்டாம்.

முதலில் சட்டத்தை வெறும் தரையில் வைத்து அடித்தேன். அடித்த கை திரும்பி வருவதற்குள் கீழே இரண்டு தட்டு. பிறகு நிறுத்தாமல் நாலு தட்டு. பார்க்க வந்திருந்த அக்கா சாறித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்ததாகக் கால்களுக்குக் கீழே கம்பளம் போட்டோம். இரண்டு தட்டு. மெத்தையில் ஒரு துண்டை வெட்டிக் ஒவ்வொரு காலுக்கும் கீழே வைத்தோம். சட்டம் முழுவதும் வள்ளம் மாதிரி ஆடி, பை போய் அலுமாரியில் மோதியது. அதற்கு எத்தனை தட்டு என்று யாரும் எண்ணவில்லை.

மனுசன் காலுறையோடு மேலே வந்துவிட்டார். கோபமாக்கும் என்று பயந்தேன். அவர் சட்டத்தின் காலடியில் குந்தி, தரையில் உள்ளங்கையை வைத்து, "அடியுங்கோ," என்பதுபோலத் தலையை ஆட்டினார். அடித்தேன். கையை வேறு இடத்தில் வைத்தார். மறுபடி அடித்தேன். எழும்பி என் கணவரிடம் ஏதோ நீளமாக விளக்கினார்.

"பையில பிழை இல்லையாம்," என்றார் கணவர். "அதிர்வு கால் வழியாத்தான் இறங்குதாம். தான் இருவது வருசமா இதோடதான் வேலை செய்யிறாராம். அடுத்த ஞாயிறு மட்டும் பொறுக்கட்டாம்."

அந்த ஒரு கிழமை எனக்குப் போகவே இல்லை. பையைப் பார்த்துக்கொண்டு அடிக்காமல் இருப்பது பட்டினி கிடந்து சோற்றுப் பானையைப் பார்ப்பது மாதிரி. மெத்தைத் துண்டுகளில் ஏறி நின்று காற்றில் குத்தினேன். அதற்கு மட்டும் கீழே தட்டு வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் நாலு கறுப்புத் தகடுகளைக் கொண்டுவந்தார். இரண்டு விரல் தடிப்பான ரப்பர். எண்ணெய் மணத்தது. அழுத்து யந்திரத்தின் கீழே, தரை அதிராமல் இருக்க வைப்பதாம். தேய்ந்துபோனவை, எறிவதற்கு வைத்திருந்தவை, மேலாளரிடம் கேட்டு எடுத்து வந்தேன் என்று சொன்னார். சட்டத்தின் ஒவ்வொரு காலையும் எங்களைத் தூக்கச் சொல்லி, தானே அவற்றைக் கீழே வைத்தார். ஒரு மூலையில் கொஞ்சம் தள்ளி, மற்ற மூலையில் கொஞ்சம் இழுத்து, பிறகு கீழே போய்ப் படுத்தார்.

நான் மெதுவாக ஒன்று குத்தினேன். மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். ஒன்றுமில்லை. பலமாக ஒன்று. ஒன்றுமில்லை. இடுப்பைத் திருப்பி முழுப்பலத்தோடு உதைத்தேன். பை குறுக்குக் குழாய்வரை எழும்பி இறங்கியது. கீழே ஒரு தட்டும் இல்லை.

"நீங்கள் அடியுங்கோ, அக்கா."

அக்கா சாறியைத் தூக்கி இடுப்பில் செருகினார். கைமுட்டியை எப்படிப் பிடிப்பது, பெருவிரலை எங்கே வைப்பது என்று காட்டினேன். முதல் குத்து பையைத் தடவிக்கொண்டு போனது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது சரியாக விழுந்தது. நான் பிடித்துக்கொண்டிருந்த பை என் தோளில் இடித்தது. அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நாலு, ஐந்து, பத்து. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. கட்டவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் நாங்கள் மாறி மாறி அடித்தோம். கணவர்கூட ஒன்று குத்திவிட்டு மணிக்கட்டைத் தேய்த்தார்.

"ஒரு சத்தத்தையும் காணேல்லை," என்றார் அவர். "மனுசன் கீழ இருக்கிறாரோ?"

மூன்று பேரும் இறங்கிப் போனோம். கதவு பூட்டியிருக்கவில்லை. எட்டிப் பார்த்தோம். அவர் மல்லாந்து படுத்திருந்தார். தும்புத்தடி நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தது. வாய் திறந்திருந்தது. குறட்டை மட்டும் ஒரே சீராக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி, வேலையில்லாத மனுசன். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இருந்துவிட்டேன். சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. அக்கா அவருடைய கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அதன்பின் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு அக்கா வந்துவிடுவார். சாறியை மாற்றக் காற்சட்டை ஒன்றை உடுப்பு அறையிலேயே தேடி எடுத்திருந்தார். கோடை முடியுமுன் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டி வந்தார். ஒருவர் ஹைமில் இருந்து, மற்றவர் ஈரானியப் பெண், அக்காவோடு டொச் வகுப்பில் படித்தவர். எங்கள் கதவுக்கு வெளியே நாலு சோடிச் சப்பாத்து. எங்களுக்குள் பொதுவாக இருந்த பாசை எண்ணிக்கை மட்டும்தான். ஐன்ஸ், ஸ்வை, ட்றை என்று எண்ணிக்கொண்டு குத்தினோம். சத்தமாக எண்ணமாட்டோம். வாய் அசைய, காற்றுமட்டும் வெளியே வரும்படி எண்ணுவோம். கீழ் வீட்டுக்காரரைப் படிக்கட்டில் கண்டால், "எப்படி நித்திரை?" என்று கேட்பேன். அவர் கைமுட்டியை மடித்துக் காட்டிவிட்டுப் போவார்.

மார்கழி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே பனி கொட்டியது. அக்கா பிந்தி வந்தார். கோட்டைக் கழற்றி, பனியை உதறி, சூடாக்கியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மற்ற இருவரும் இன்னும் வரவில்லை.

"நேற்று அந்தப் பாதையில திரும்ப ரெண்டு பேர் நிண்டவங்கள்," என்றார். "அதே ஆக்களோ தெரியாது. முகம் விளங்கேல்லை."

"என்ன நடந்தது, அக்கா?"

"ஒண்டும் நடக்கேல்லை. பிள்ளையளைப் பின்னால விட்டுட்டு, நீர் காட்டித் தந்த மாதிரிக் காலைப் பதிச்சு நிண்டனான். கையையும் தூக்கிப்போட்டன். எவ்வளவு நேரம் நிண்டனோ தெரியாது. ஒருத்தன் ஏதோ சொன்னான். மற்றவன் அவனை இழுத்துக்கொண்டு போயிட்டான்."

"பயமா இருக்கேல்லையோ?"

"பயம்தான். ஆனா ஓடேல்லை." அக்கா கையைத் தேய்த்துக்கொண்டு பையைப் பார்த்தார். "மற்றவை பழக வரமுந்தி எனக்கு அந்தத் திரும்பி உதைக்கிறதைக் காட்டும். அது எனக்கு இன்னும் சரி வரேல்லை."

மேசையைச் சுவரோடு தள்ளினேன். அக்கா காலுறையைக் கழற்றி மெத்தைத் துண்டில் ஏறி நின்றார்.